புண்ணாக்கைப் புளிக்க வைத்துக் கோழிக்குக் கொடுத்தல்

மீள்குடியேறிய குடும்பங்கள் பலவற்றில் முதலில் கையில் காசு தருவது கோழிதான். வயல் விதைத்து அறுக்க ஒரு போகம் வேண்டும். தென்னை வைத்தால் காய்க்க ஆண்டுகள் ஆகும். பத்துப் பேட்டுக் கோழி வளவில் நின்றால் பிள்ளைகளுக்கு முட்டையும் கிடைக்கும், சந்தைக்கு மிச்சமும் இருக்கும். ஆனால் கடையில் விற்கும் கோழித்தீனை நாளாந்தம் வாங்கிப் போட்டால் முட்டை விற்ற காசு தீனுக்கே போய்விடும். அதனால்தான் பலர் மலிவான புண்ணாக்கை நாடுகிறார்கள்.

புண்ணாக்கு நல்ல தீன். ஆனால் அதை அப்படியே போட்டால் கோழி அதில் ஒரு பகுதியைச் சமிக்காமலே கழித்துவிடும். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கோ கோழியைக் கொன்றும்விடும். புண்ணாக்கை வீட்டிலேயே புளிக்க வைத்து அதன் பயனைக் கூட்டுவது எப்படி என்பதை இந்தப் பாடம் விளக்குகிறது. புளிக்க வைப்பதால் எவை திருந்தும், எவை திருந்தாது என்பதையும் சொல்கிறது. இரண்டாவது பகுதியையும் தவறாமல் வாசியுங்கள். கோழியின் உயிர் பெரும்பாலும் அதில்தான் தங்கியிருக்கிறது.

இந்தப் பாடத்தை முடித்ததும் நீங்கள் செய்யக்கூடியவை:

• நல்ல புண்ணாக்கையும் கெட்ட புண்ணாக்கையும் பிரித்தறிதல்
• பத்துக் கோழிக்குத் தேவையான புண்ணாக்கை இரண்டு நாளில் புளிக்க வைத்தல்
• சரியாகப் புளித்ததா, பழுதாகியதா என்று கண்டுபிடித்தல்
• எவ்வளவு கொடுக்கலாம், எதனுடன் சேர்க்க வேண்டும் என்று தீர்மானித்தல்

1. எங்கள் பகுதியில் கிடைக்கும் புண்ணாக்குகள்

எண்ணெய் வித்தைச் செக்கிலோ ஆலையிலோ பிழிந்த பின் மிஞ்சுவது புண்ணாக்கு. கோழிக்குக் கொடுக்கத்தக்கவை மூன்று.

தேங்காய்ப் புண்ணாக்கு: இதில் 100 பங்குக்கு ஏறத்தாழ 20 பங்கு புரதம். நாரும் கூடுதலாக உண்டு. தண்ணீர் பட்டால் நன்றாக ஊதிப் பெருக்கும். அதனால் கோழியின் இரைப்பை சீக்கிரம் நிரம்பிவிடும், உடம்புக்குச் சேர்வது குறையும். வட பகுதிக்கு வருவதில் ஒரு பகுதி குருணாகல், புத்தளம் போன்ற தென்னை மாவட்டங்களிலிருந்து வருவது. பல நாள் சாக்கில் கிடந்து வருவதால் வாங்கும்போது பார்த்து வாங்க வேண்டும்.

எள்ளுப் புண்ணாக்கு: புரதம் தேங்காய்ப் புண்ணாக்கைப் போல் இரண்டு மடங்கு. இறகுக்கும் முட்டைக்கும் தேவையான மெதியோனீன் என்ற அமினோ அமிலம் இதில் நன்றாக உண்டு. ஆனால் இதிலுள்ள பொசுபரசின் பெரும்பகுதி பைற்றேற்று என்ற சேர்வையாகப் பூட்டப்பட்டிருக்கும். கோழியால் அதைத் திறந்து எடுக்க இயலாது. பைற்றேற்று கல்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கச்சான் புண்ணாக்கு: புரதம் மிகுந்தது, கோழி விரும்பித் தின்னும். ஆனால் மூன்றிலும் ஆபத்துக் கூடியது இதுவே. காரணம் 3ஆம் பகுதியில் வருகிறது.

மூன்றுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு: லைசீன் என்ற அமினோ அமிலம் போதாது. புளிக்க வைத்தாலும் இந்தக் குறை தீராது. மீன், கறையான், முருங்கை இலை போன்றவற்றால்தான் அதை ஈடுசெய்ய வேண்டும்.

கோழிக்குக் கொடுக்கக் கூடாதவை: வேப்பம் புண்ணாக்கு, இலுப்பைப் புண்ணாக்கு, ஆமணக்குப் புண்ணாக்கு, காட்டாமணக்குப் புண்ணாக்கு. வீட்டில் புளிக்க வைப்பதால் இவற்றின் நஞ்சு போகாது. இவற்றைப் பயிருக்கு உரமாகப் போடுங்கள்.

2. புளித்தால் என்ன நடக்கிறது?

தோசைக்குக் கரைத்த மா இரவில் பொங்கிக் காலையில் புளித்திருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கள்ளு விட்டுப் புளிக்க வைத்த அப்ப மாவும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத நுண்ணங்கிகள் மாவிலுள்ள சீனியை உண்டு அமிலத்தையும் வாயுவையும் உண்டாக்குகின்றன. பாலைத் தயிராக்குவதும் இதே வகை நுண்ணங்கிதான். புண்ணாக்கிலும் இதையே செய்யப் போகிறோம்.

இதனால் வரும் நன்மைகள்:

முதலாவது, புளிப்பு ஏறியதும் கழிச்சலை உண்டாக்கும் கிருமிகள் பலவற்றால் அதில் பெருக இயலாது. வயிற்றுக்குள்ளும் புளித்த தீன் நல்ல நுண்ணங்கிகளுக்குத் துணையாகிறது.

இரண்டாவது, பைற்றேற்றின் ஒரு பகுதி உடைகிறது. பூட்டியிருந்த பொசுபரசு கொஞ்சம் கோழிக்குக் கிடைக்கிறது. எள்ளுப் புண்ணாக்கில் இது முக்கியமான நன்மை.

மூன்றாவது, புண்ணாக்கு கோழியின் வயிற்றில் ஊதாமல் வாளியிலேயே ஊதி முடிகிறது. கட்டி மென்மையாகிறது. கோழி கொத்தி எறியாமல் தின்கிறது, தூளாகிக் காற்றில் போவதும் குறைகிறது.

நடக்காதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். புரதத்தின் அளவு பெரிதாகக் கூடுவதில்லை. தேங்காய்ப் புண்ணாக்கின் கடினமான நார் முழுவதும் உடைவதில்லை. ஆய்வுகூடங்களில் அஸ்பர்ஜில்லஸ் நைகர், ட்ரைக்கோடெர்மா போன்ற தெரிந்தெடுத்த பூஞ்சணங்களை வளர்த்து அந்த நாரை உடைக்கிறார்கள். அது தூய வித்தும் அளவுக் கருவிகளும் உள்ள இடத்தில் செய்யும் வேலை. கொடிய நஞ்சைச் சுரக்கும் பூஞ்சணமும் அதே அஸ்பர்ஜில்லஸ் இனத்தைச் சேர்ந்ததுதான். எது நல்லது, எது கெட்டது என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட இயலாது. ஆகவே வீட்டில் எங்கள் விதி ஒன்றே: புளிப்பு வேண்டும், பூஞ்சணம் வேண்டாம்.

3. புளிப்பால் திருந்தாத இரண்டு நஞ்சுகள்

அஃபிளாடொக்சின்

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு இலட்சம் அளவிலான வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மாண்டன. தேடிப் பார்த்தபோது, அவை தின்ற தீனில் பிரேசிலிலிருந்து வந்த கச்சான் புண்ணாக்கு இருந்தது. அதில் வளர்ந்த பூஞ்சணம் சுரந்த நஞ்சே அஃபிளாடொக்சின் என்று பின்னர் கண்டறிந்தார்கள்.

இந்த நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். சிறிது சிறிதாக உடம்பில் சேர்ந்தால் கோழி உடனே சாகாது. மெலியும், முட்டை குறையும், மற்ற நோய்கள் இலகுவில் தொற்றும். குஞ்சுகளும் தாராக் குஞ்சுகளும் மிகக் கூடுதலாகப் பாதிக்கப்படும். தாரா வளர்ப்பவர்கள் கச்சான் புண்ணாக்கை முற்றாகத் தவிர்ப்பது நல்லது.

மழையில் நனைந்த கச்சான், சரியாகக் காயாத கச்சான், சுருங்கிய பருப்பு ஆகியவற்றை ஒதுக்கி வைத்து எண்ணெய்க்குப் போடுவதுண்டு. அவற்றில் நஞ்சு இருந்தால் அதன் பெரும்பகுதி எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கிலேயே தங்கும். அவித்தாலும் காய வைத்தாலும் போகாது. புளிக்க வைத்தாலும் போய்விடும் என்று நம்ப இயலாது. பூஞ்சணத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பாவிப்பதும் பயனில்லை. நஞ்சு உள்ளே ஊறியிருக்கும்.

பொங்கிரெக் நஞ்சு

இது தேங்காயுடன் தொடர்புடையது. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையிலும் தேங்காய்ப் புண்ணாக்கிலும் பூஞ்சணத்தை வளர்த்துத் தெம்பே பொங்கிரெக் என்ற உணவைச் செய்துவந்தார்கள். ஏழைகளின் மலிவான உணவு அது. சில வேளைகளில் அதில் ஒரு பற்றீரியா புகுந்து பொங்கிரெக் அமிலம் என்ற நஞ்சைச் சுரந்தது. அதை உண்டு பல நூறு பேர் இறந்தார்கள். 1988இல் இந்தோனேசிய அரசு அந்த உணவைத் தடை செய்தது. இந்த நஞ்சுக்கு மணமில்லை. சமைத்தாலும் அழியாது.

இதைச் சொல்வது உங்களைப் பயப்படுத்த அல்ல. அந்தப் பற்றீரியா நன்கு புளித்த இடத்தில் வளராது. புளிப்பு ஏறாமல் ஈரமாகவும் வெப்பமாகவும் கிடக்கும் தேங்காயில்தான் அதற்கு இடம் கிடைக்கிறது. ஆகவே கீழே சொல்லும் முறையில் தேசிக்காய்ச் சாறும் மோரும் சேர்ப்பதையும், புண்ணாக்கைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைப்பதையும் விட்டுவிட வேண்டாம். "இன்றைக்கு மோர் இல்லை, சும்மா ஊற வைப்போம்" என்று செய்தால் ஆபத்தான பக்கத்துக்குப் போகிறீர்கள். மோர் இல்லாத நாளில் புண்ணாக்கை உலர்ந்தபடியே அளவாகக் கொடுங்கள்.

சமையலில் மிஞ்சும் தேங்காய்ச் சக்கைக்கும் இது பொருந்தும். அன்றன்றே புதிதாகக் கோழிக்குப் போடுங்கள். மூலையில் குவித்து வைத்து மறுநாள் போட வேண்டாம். புளிக்க வைத்த புண்ணாக்கை மனிதர் எவரும் உண்ணக் கூடாது. பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

4. புண்ணாக்கைப் பார்த்து வாங்குதல், வைத்தல்

வாங்கும்போது ஒரு கட்டியை எடுத்து உடைத்து உட்புறத்தைப் பாருங்கள். வெளியே உலர்ந்தும் உள்ளே பச்சை, கறுப்பு, சாம்பல் நிறப் படலமும் இருந்தால் வாங்க வேண்டாம். மூக்கருகே பிடித்து மணந்து பாருங்கள். நல்ல தேங்காய்ப் புண்ணாக்கு கொப்பரா மணக்கும். பழைய எண்ணெய் மணமோ மக்கிய மணமோ வந்தால் வேண்டாம். கையில் ஈரம் தெரிந்தாலும் வேண்டாம். விலை குறைத்துத் தந்தாலும் வாங்க வேண்டாம்.

இரண்டு கிழமைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். சாக்கை நிலத்தில் வைக்காமல் பலகைமேல், சுவரில் படாமல் வையுங்கள். தகரக் கொட்டிலிலும் தறப்பாள் கொட்டிலிலும் இரவில் கூரையின் உட்புறம் வியர்த்துத் துளி விழும். அந்தத் துளி விழாத இடமாகப் பார்த்து வையுங்கள். மாரியில் இன்னும் கவனம் வேண்டும். ஐப்பசி தொடங்கித் தை வரை ஒரு கிழமைக்கு மேல் இருப்பு வைக்காதிருப்பது நல்லது.

5. தேவையான பொருட்கள்

பத்து வளர்ந்த கோழிக்கு, ஒரு நாளுக்கு:

• தேங்காய்ப் புண்ணாக்கு 150 கிராம்
• எள்ளுப் புண்ணாக்கு 50 கிராம்
• அரிசித் தவிடு 100 கிராம்
• சீனி அல்லது தூளாக்கிய பனங்கட்டி 1 தேக்கரண்டி
• தேசிக்காய் 1
• உப்புச் சேர்க்காத மோர் அரைத் தேநீர்க் கோப்பை
• கொதித்த தண்ணீர், தேவையான அளவு

எள்ளுப் புண்ணாக்குக் கிடைக்காவிட்டால் அதை விட்டுவிடலாம். முதல்முறை கடைத் தராசில் நிறுத்து, அந்த அளவு எத்தனை பால்பேணி வருகிறது என்று குறித்து வைத்தால் பிறகு தராசு தேவைப்படாது.

பாத்திரம்: மூன்று லீற்றர் கொள்ளும் மண்சட்டி, அல்லது உணவுக்குப் பாவித்த பிளாத்திக்கு வாளி. புளிப்பு உலோகத்தை அரிக்கும், ஆதலால் அலுமினியமும் தகரமும் வேண்டாம். பூச்சிநாசினிப் போத்தல், எண்ணெய்ப் பீப்பா, கைவிடப்பட்ட காணிகளில் கிடந்து எடுத்த கலன் எதையும் பாவிக்க வேண்டாம். எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம்.

மோர் இல்லாவிட்டால் அன்று இறக்கிய பனங்கள்ளு அரைக் கோப்பை விடலாம். அதிலும் புளிப்பு நுண்ணங்கியும் மதுவமும் உண்டு. கருப்பநீர் விட வேண்டாம். அதன் முட்டியில் சுண்ணாம்பு தடவுவதே புளிக்காமல் இருப்பதற்குத்தான். உப்பும் அப்பச் சோடாவும் போடாத புளித்த தோசை மாவும் ஒரு அகப்பை போதும்.

6. செய்யும் முறை

முதலாம் நாள் காலை

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பாத்திரத்தைக் கழுவி வெயிலில் காய வையுங்கள். புண்ணாக்குக் கட்டிகளை இடித்துத் தூளாக்கித் தவிட்டுடன் கலந்து பாத்திரத்தில் போடுங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

கொதித்த தண்ணீரை அதன்மேல் ஊற்றிக் கிளறுங்கள். வெறும் கிணற்றுத் தண்ணீரைவிடக் கொதிநீர் இரண்டு வகையில் உதவும். புண்ணாக்கிலுள்ள கெட்ட கிருமிகளில் பலவற்றைக் கொல்லும், புண்ணாக்கும் விரைவில் ஊறும். அரை மணித்தியாலம் மூடி வையுங்கள். புண்ணாக்குத் தண்ணீரை உறிஞ்சி மேலெழும்பும். மீண்டும் கொதித்த தண்ணீர் விட்டு, புண்ணாக்குக்கு மேல் இரண்டு விரல் உயரம் தண்ணீர் நிற்கச் செய்யுங்கள்.

கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பின்னரே அடுத்ததைச் செய்யுங்கள். கொதிக்கக் கொதிக்க மோர் விட்டால் மோரிலுள்ள நல்ல நுண்ணங்கி செத்துவிடும். சீனி, தேசிக்காய்ச் சாறு, மோர் மூன்றையும் விட்டு, கழுவிய அகப்பையால் கலக்குங்கள். மிதக்கும் தூளை அமிழ்த்த ஒரு கழுவிய தட்டைக் கவிழ்த்து வைக்கலாம். மேலே துணி கட்டி, அதன்மேல் மூடியைத் தளர்வாக வையுங்கள். இறுக மூடினால் வாயு சேர்ந்து மூடியைத் தள்ளும். நிழலில், நாய், எலி, பிள்ளைகள் எட்டாத இடத்தில் வையுங்கள்.

மாலையிலும் இரண்டாம் நாள் காலை மாலையிலும்

ஒவ்வொரு முறையும் கலக்கி மீண்டும் அமிழ்த்துங்கள். தண்ணீர் வற்றியிருந்தால் கொதித்து ஆறிய தண்ணீர் விடுங்கள். இரண்டாம் நாள் சிறு குமிழிகள் தெரியும், புளித்த மா மணம் வரும்.

மூன்றாம் நாள் காலை

எங்கள் பகுதியின் வெப்பத்தில் இரண்டு முழு நாள் போதும். மாரியின் குளிர்ந்த நாட்களில் இன்னும் அரை நாள் வைக்கலாம். மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

7. சரியாகப் புளித்ததா?

மணம்: தயிர் அல்லது தோசை மாவின் புளித்த மணம் வந்தால் சரி. அழுகிய முட்டை, மலம், பிணம் போன்ற நாற்றம் வந்தால் எறிந்துவிடுங்கள்.

தோற்றம்: குமிழிகள் இருக்கலாம். தண்ணீரின்மேல் மெல்லிய, தட்டையான வெண்படலம் இருந்தால் அது பெரும்பாலும் மதுவம். அதை வழித்து எறிந்துவிட்டு, மணம் சரியாக இருந்தால் பாவிக்கலாம். பஞ்சுபோல் மயிர்விட்டு எழும்பிய எதுவானாலும், பச்சை, கறுப்பு, மஞ்சள், செம்மை நிறம் எதுவானாலும், முழுப் பாத்திரத்தையும் கொட்டுங்கள். வெள்ளை மயிரும் பூஞ்சணம்தான்.

செவ்வரத்தம்பூச் சோதனை: பாடசாலை விஞ்ஞானப் பாடத்தில் உங்கள் பிள்ளைகள் செய்திருப்பார்கள். சிவந்த செவ்வரத்தம்பூ இதழை வெள்ளைக் கடதாசியில் தேய்த்துச் சாயம் பிடிக்கச் செய்யுங்கள். ஒரு இடத்தில் மோர் ஒரு துளி, இன்னொரு இடத்தில் கிணற்றுத் தண்ணீர் ஒரு துளி, மூன்றாவது இடத்தில் புளித்த நீர் ஒரு துளி விடுங்கள். புளித்த நீரின் நிறம் மோரின் நிறத்தை ஒத்துச் சிவந்தால் நல்ல அடையாளம். கிணற்றுத் தண்ணீரின் நிறத்தை ஒத்திருந்தால் புளிக்கவில்லை. இரண்டாம் நாள் முடிவிலும் புளிக்காவிட்டால் மேலும் காத்திருக்காமல் கொட்டிவிடுங்கள்.

கொட்டுவதைக் குழி தோண்டிப் புதையுங்கள். குப்பையில் போட்டால் கோழி தேடிப் போய்த் தின்னும்.

வாயில் வைத்துச் சுவைத்துப் பார்க்க வேண்டாம்.

8. கோழிக்குக் கொடுத்தல்

புளித்த நீரில் இரண்டு அகப்பையை அடுத்த முறைக்கு எடுத்து வையுங்கள். அதன் பின் மோர் தேவையில்லை, அந்த நீரே மோரின் வேலையைச் செய்யும். தேசிக்காய்ச் சாற்றை மட்டும் ஒவ்வொரு முறையும் விடுங்கள். மாதத்துக்கு ஒரு முறை பழைய நீரை விட்டுவிட்டுப் புதிய மோரில் தொடங்குங்கள்.

மிச்சத்துடன் இவற்றைச் சேருங்கள்:

• குறுணல் அரிசி 150 கிராம்
• உப்பில்லாமல் காய வைத்து இடித்த மீன் தலை, மீன் கழிவு 50 கிராம்
• நறுக்கிய முருங்கை இலை ஒரு கைப்பிடி

கையில் பிடித்தால் உருண்டையாகி, விரித்தால் உதிரும் பதம் சரி. தண்ணீர் கூடினால் இன்னும் தவிடு சேருங்கள். உப்பிட்ட கருவாட்டுத் தலையைச் சேர்க்க வேண்டாம், உப்புக் கூடினால் கோழி இறக்கும். மட்டி, சிப்பி, முட்டைக் கோது ஆகியவற்றைச் சுட்டு நொறுக்கித் தனிச் சிரட்டையில் வையுங்கள். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே கொத்தும்.

இந்த அளவு, பகலில் வளவில் மேய்ந்து இரை தேடும் கோழிக்கு. கூட்டிலேயே அடைத்து வளர்க்கும் கோழிக்கு இது மட்டும் போதாது. அவற்றின் தீனில் புளித்த தேங்காய்ப் புண்ணாக்கு, உலர்ந்த நிறையில் 100 பங்குக்கு 15 பங்கு அளவில் நிற்கட்டும்.

ஒரு மாதத்துக்குக் குறைந்த குஞ்சுகளுக்கு இதைக் கொடுக்க வேண்டாம். அவற்றுக்குக் குறுணல், கறையான், குஞ்சுத்தீன் ஆகியவையே ஏற்றவை.

புதிய தீனைப் படிப்படியாகப் பழக்குங்கள். முதல் இரண்டு நாள் கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் அரைப் பங்கு, ஒரு கிழமையில் முழுப் பங்கு. காலையில் கொடுத்து, மதியத்துக்குள் தின்று முடிக்காததை எடுத்து எறியுங்கள். தீன் தொட்டியை நாள்தோறும் கழுவுங்கள்.

நாள்தோறும் புளித்த தீன் வேண்டுமானால் மூன்று பாத்திரங்களுக்கு 1, 2, 3 என்று இலக்கமிடுங்கள். ஒவ்வொரு காலையும் ஒரு பாத்திரத்தைத் தொடங்கினால், மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் ஒன்று தயாராக இருக்கும்.

கறையான், மட்டி, சிப்பி எடுக்கப் போகும்போது ஒரு எச்சரிக்கை: மிதிவெடி அபாயப் பலகையோ எச்சரிக்கை நாடாவோ கட்டிய இடத்துக்குள் கால் வைக்க வேண்டாம். அறிவித்தல் இல்லாவிட்டாலும், மக்கள் நடமாட்டமில்லாத பற்றைக் காணிக்குள் புகுந்து புற்றை வெட்ட வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி வந்து கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

9. பலனை நீங்களே கணக்குப் பாருங்கள்

இத்தனை முட்டை கூடும் என்று இந்தக் கைநூல் வாக்குத் தரவில்லை. கோழியின் இனம், வயது, மேயும் இடம், பருவம் எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். ஒரு அப்பியாசக் கொப்பி எடுங்கள். புளித்த தீன் தொடங்குவதற்கு முன் இரண்டு கிழமை, தொடங்கிய பின் நான்கு கிழமை, நாள்தோறும் மூன்றை எழுதுங்கள்: முட்டை எத்தனை, தீனுக்குச் செலவு எவ்வளவு, கோழியின் எச்சம் எப்படி. ஆறு கிழமை முடிவில் ஒரு முட்டைக்குத் தீன் செலவு எவ்வளவு வந்தது என்று பிரித்துப் பாருங்கள். குறைந்திருந்தால் தொடருங்கள். குறையாவிட்டால், விறகும் நேரமும் செலவழித்து இதைச் செய்யத் தேவையில்லை.

10. கேள்விகள் சில

புளித்த தீன் கொடுத்தால் தடுப்பூசி வேண்டாமா?
வேண்டும். இராணிகெட் நோய் வந்தால் ஒரு கிழமைக்குள் முழு வளவும் வெறுமையாகும். எந்தத் தீனும் அதைத் தடுக்காது. தடுப்பு மருந்து பற்றி உங்கள் பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள்.

புளித்ததைக் காய வைத்துச் சேமிக்கலாமா?
நல்ல கோடை வெயிலில், பாயில் மெல்லியதாகப் பரப்பி, ஒரே பகலில் மொறுமொறுப்பாகக் காயுமானால் செய்யலாம். மாலையில் ஈரம் தெரிந்தால் சேமிக்க வேண்டாம். மாரியில் இந்த முயற்சியே வேண்டாம்.

பூஞ்சணம் கொஞ்சம்தான் பிடித்த புண்ணாக்கு. கொதிநீர் ஊற்றிப் புளிக்க வைத்தால் சரிவராதா?
சரிவராது. கொதிநீர் பூஞ்சணத்தைக் கொல்லும், அது முன்பே சுரந்து வைத்த நஞ்சை அழிக்காது. ஒரு சாக்குப் புண்ணாக்குப் போனால் அடுத்த மாதம் வாங்கலாம். பத்துக் கோழி போனால் மீண்டும் குஞ்சிலிருந்து தொடங்க வேண்டும்.

கோழி சோர்ந்து, தீன் எடுக்காமல் நின்றால்?
அந்தத் தீனை உடனே நிறுத்துங்கள். சுத்தமான தண்ணீரும் குறுணலும் மட்டும் வையுங்கள். மிஞ்சிய தீனில் கொஞ்சத்தைப் பொலித்தீன் பையில் கட்டி எடுத்துக்கொண்டு கால்நடை வைத்தியரிடம் போங்கள். இறந்த கோழியைச் சமைக்க வேண்டாம், ஆழப் புதையுங்கள். மனிதர் யாராவது புளித்த புண்ணாக்கைத் தவறுதலாக உண்டுவிட்டால், நோய்க்குறி வரும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

நினைவில் வைக்க

நல்ல புண்ணாக்கைப் புளிப்பு இன்னும் நல்லதாக்கும். கெட்ட புண்ணாக்கை அது நல்லதாக்காது.
தேசிக்காயும் மோரும் இல்லாமல் ஊற வைக்க வேண்டாம்.
புண்ணாக்குத் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும்.
இரண்டு நாள் போதும், மூன்றைத் தாண்ட வேண்டாம்.
மயிர்விட்ட பூஞ்சணம் தெரிந்தால் முழுவதையும் புதையுங்கள்.

பயிற்சி

வீட்டிலுள்ளவர்களோடும் அயலவரோடும் சேர்ந்திருந்து இவற்றுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள்.

1. உங்கள் வீட்டில் இப்போது இருக்கும் புண்ணாக்குக் கட்டி ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே என்ன தெரிகிறது? அதை வைத்துக்கொள்வீர்களா, எறிவீர்களா?
2. மோரைக் கொதிநீரோடு சேர்த்து விடக் கூடாது. ஏன்?
3. உங்கள் கொட்டிலில் இரவுத் துளி விழாத, எலி எட்டாத இடம் எது?
4. புளித்த பின்னும் தீனில் மீனோ கறையானோ சேர்க்க வேண்டியிருப்பது எதனால்?
5. அயலவர் ஒருவர், "தண்ணீர் வற்றி மேலே வெள்ளைப் பஞ்சு பிடித்திருக்கிறது, கீழே நன்றாகத்தான் இருக்கிறது" என்கிறார். அவருக்கு என்ன சொல்வீர்கள்?